எக்ஸாஸ்ட் மாற்றியாச்சு, இனி கார்பரேட்டர்: சிங்கப்பூர்ச் சாலைக்கு ஜெட் சரிசெய்யும் முழு வழிகாட்டி

எக்ஸாஸ்ட் மாற்றிய கையோடு எல்லாரும் ஓடிப்போய் வாங்குவது பெரிய மெயின் ஜெட். ஜெட் என்பது கார்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னப் பித்தளைத் துண்டு. இரண்டு சைஸ் ஏற்று, மூன்று சைஸ் ஏற்று என்று ஆளாளுக்கு ஓர் எண் சொல்வார்கள். ஆனால் தோ பாயோவிலிருந்து ஜூரோங்குக்கு வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கு அந்த ஜெட் பயன்படும் நேரம் மிகமிகக் குறைவு. திராட்டிலை முக்கால் பங்குக்கு மேல் திருகினால்தான் மெயின் ஜெட் தன் முழு வேலையைக் காட்டும். நம் விரைவுச்சாலைகளில் வேக வரம்பே 70 முதல் 90 கிலோமீட்டர்வரைதான். மற்ற நேரமெல்லாம் சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று போகிறோம். ஆக, நாள் முழுக்க நம் கை இருப்பது கால் பங்கு, அரைப் பங்கு திறப்பில். அந்த இடத்தை ஆள்பவை சின்ன திறப்புக்கான பைலட் ஜெட்டும், மெயின் ஜெட்டின் வழியில் ஏறி இறங்கிப் பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் ஊசியும். மெயின் ஜெட்டை மட்டும் மாற்றிவிட்டு "இன்னும் இழுக்க மாட்டேங்குது" என்று புலம்புகிறவர்களின் பிரச்சினை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

இந்த வழிகாட்டி கார்பரேட்டர் பைக்குகளுக்கு மட்டும். பழைய சூப்பர் 4, பாண்டம் 200, கார்பரேட்டர் பொருத்தி வந்த பல்சர் 200 என்எஸ், இரண்டு ஸ்ட்ரோக் ஆர்எக்ஸ்இசட் போன்றவை சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இன்ஜெக்‌ஷன் பைக் வைத்திருப்பவர்களுக்கு ஜெட்டே கிடையாது. அவர்களுடைய வேலை வேறு.

முதலில் சட்டம்

எக்ஸாஸ்ட் மாற்றுவதற்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் உண்டு. விதிக்கு உட்படாத எக்ஸாஸ்ட்டைப் பூட்டி ஓட்டுவது குற்றம். காசு கொடுப்பதற்கு முன்பே, அந்த எக்ஸாஸ்ட் உங்கள் மாடலுக்கு ஏற்கப்படுமா, என்ன சான்றிதழ் வேண்டும் என்று ஆணையத்தின் இணையத்தளத்தில் பார்த்துவிடுங்கள். "எல்லாரும் போடுறாங்க" என்று கடைக்காரர் சொல்வது சான்றிதழ் ஆகாது. கழற்றிய பழைய எக்ஸாஸ்ட்டைப் பத்திரமாக வையுங்கள், விற்க வேண்டாம்.

மூன்று வயதைத் தாண்டிய மோட்டார்சைக்கிள் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். அங்கே புகையையும் அளப்பார்கள். கார்பரேட்டரைக் கண்டபடி ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடுதலாக, வைத்தால் கார்பன் மோனாக்சைடு ஏறி, அங்கேயே மாட்டுவீர்கள். 2003 ஜூலை 1ஆம் தேதிக்கு முன் பதிவான பைக்குகளுக்கு இன்னொரு கெடுவும் உண்டு: 2028 ஜூன் 30க்குப் பிறகு அவை சிங்கப்பூர்ச் சாலையில் ஓட முடியாது. அப்படிப்பட்ட பைக்கில் விலை உயர்ந்த எக்ஸாஸ்ட்டும் ஜெட் கிட்டும் போடுவது உங்கள் விருப்பம். என்னைக் கேட்டால், அந்தப் பணத்தில் கார்பரேட்டரின் தேய்ந்த ரப்பர் பாகங்களை மாற்றச் சொல்வேன்.

எக்ஸாஸ்ட் மாறினால் உள்ளே என்ன நடக்கிறது

கார்பரேட்டர் ஓர் உறிஞ்சு கருவி. என்ஜின் காற்றை இழுக்கும்போது கார்பரேட்டரின் ஒடுங்கிய கழுத்தில் காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். அந்தக் குறைவு, பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் கிண்ணத்திலிருந்து பெட்ரோலை ஜெட் வழியாக மேலே இழுக்கும். காற்று கூடினால் இழுப்பும் கூடும், பெட்ரோலும் கூடும். அதனால், கூடுதல் காற்று போனவுடன் பைக் தானாகவே லீன் (பெட்ரோல் குறைவு) ஆகிவிடும் என்று சொல்வது பாதி உண்மைதான். கார்பரேட்டர் ஓரளவுக்குத் தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது.

அப்படியானால் ஏன் ஜெட் மாற்ற வேண்டியிருக்கிறது? இரண்டு காரணங்கள். ஒன்று, எக்ஸாஸ்ட் குழாயின் நீளமும் விட்டமும் மாறும்போது அதற்குள் முன்னும் பின்னும் ஓடும் அழுத்த அலைகளின் நேரம் மாறுகிறது. சில ஆர்பிஎம்மில் எரிந்த வாயு சுத்தமாக வெளியேறி, புதிய காற்று நிறைய நுழையும். வேறு சில ஆர்பிஎம்மில் அலை திரும்பி வந்து கார்பரேட்டர்வரை உதைக்கும். இந்த மேடுபள்ளத்தைக் கார்பரேட்டரால் சமாளிக்க முடியாது. இரண்டு, புகைக் கட்டுப்பாட்டுக்காகத் தொழிற்சாலையிலேயே சின்ன திறப்பில் லீனாக வைத்துத்தான் அனுப்புகிறார்கள். பழைய எக்ஸாஸ்ட்டில் அது மட்டுமட்டாகத் தாங்கியது. இனி தாங்காது.

அதனால் வேலையின் அளவு நீங்கள் எதை மாற்றினீர்கள் என்பதைப் பொறுத்தது. பின்னால் சைலன்சரை மட்டும் மாற்றும் ஸ்லிப்-ஆன் என்றால், பல பைக்குகளில் பைலட் திருகைக் கொஞ்சம் திருப்பினாலே போதும். மெயின் ஜெட் அப்படியே இருக்கலாம், மிஞ்சினால் ஒரு சைஸ். என்ஜினில் சேரும் முன்குழாயான ஹெடரிலிருந்து முழு எக்ஸாஸ்ட்டும் மாறியிருந்தால் மெயின், ஊசி, பைலட் மூன்றையும் பார்க்க வேண்டும். அதோடு ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டியான ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டு, கார்பரேட்டர் வாயிலேயே மாட்டும் பாட் ஃபில்டர் போட்டிருந்தால் கதையே வேறு. சி.வி. கார்பரேட்டர் உள்ள பைக்கில் ஏர் பாக்ஸைக் கழற்ற வேண்டாம் என்பேன். அதில் காற்றுவழியைத் திறந்து மூடும் ஸ்லைடைத் தூக்குவது கேபிள் அல்ல, டயஃப்ரம் எனும் ரப்பர் சவ்வு. ஏர் பாக்ஸுக்குள் இருக்கும் அமைதியான காற்றை நம்பித்தான் அந்த டயஃப்ரம் மேலும் கீழும் போகிறது. சிங்கப்பூர் மழையில் பாட் ஃபில்டர் நனைந்தால் பைக் மூச்சு முட்டும் என்பது தனிக் கதை.

அடுத்தவர் எண்ணை நம்பாதீர்கள்

குளிர்நாட்டுக்காரர் ஒருவர் "இந்த எக்ஸாஸ்ட்டுக்கு 125 போட்டேன், சூப்பர்" என்று எழுதியிருப்பார். அவர் ஊரில் 15 டிகிரி, நமக்கு நடுப்பகலில் 31, 32 டிகிரி. அந்த வித்தியாசத்திலேயே காற்றின் அடர்த்தி சுமார் 5 விழுக்காடு குறைந்துவிடும். நம் ஈரப்பதம் அதில் இன்னும் கொஞ்சம் தின்னும். அதே ஜெட் இங்கே ரிச்சாக ஓடும். இதில் நமக்கு ஒரு நன்மையும் உண்டு. ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே வெப்பம், ஊரே கடல்மட்டத்தில். ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் பருவத்துக்குப் பருவம் மாற்றத் தேவையில்லை.

ஜெட் எண்ணிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கெய்ஹின், மிக்குனி இரண்டும் கார்பரேட்டர் தயாரிக்கும் நிறுவனங்கள். கெய்ஹின் ஜெட்டில் 120 என்றால் துளையின் விட்டம் 1.20 மி.மீ. மிக்குனியின் ஆறுகோணத் தலை மெயின் ஜெட்டில் எண் குறிப்பது அதன் வழியாகப் பாயும் அளவை. இரண்டையும் ஒப்பிட முடியாது. அப்புறம், எண் சின்னதாக ஏறினாலும் பெட்ரோல் சின்னதாக ஏறாது. கெய்ஹினில் 120லிருந்து 125க்குப் போனால் விட்டம் 4 விழுக்காடுதான் கூடுகிறது, ஆனால் துளையின் பரப்பு 8.5 விழுக்காடு கூடிவிடும். "மூன்று சைஸ் ஏற்று" என்பதற்கு என்ன பொருள் என்று இப்போது புரியும்.

இணையக் கடைகளில் பத்து ஜெட் ஒரு பொட்டலமாக மலிவாகக் கிடைக்கும். பல நேரம் அச்சடித்த எண்ணும் துளையும் ஒத்துப்போகாது. 118 என்று போட்டிருப்பது 115ஐவிடச் சின்னதாக இருந்தால் நீங்கள் நாள் முழுக்கக் குழம்ப வேண்டியதுதான். அசல் ஜெட்டாக, உங்கள் பழைய எண்ணுக்கு மேலே மூன்று, கீழே ஒன்று வாங்குங்கள். 115 இருக்கிறது என்றால் 112, 118, 120, 122. பைலட்டில் இப்போது இருப்பதும் அடுத்த ஒரு சைஸும் போதும்.

திருகைத் தொடுவதற்கு முன்

ஜெட் மாற்றினால் தீரும் என்று நினைக்கும் பிரச்சினைகளில் பாதி ஜெட்டால் வந்தவை அல்ல. திராட்டிலை மூடும்போது பின்னால் பட்பட் என்று வெடிக்கிறதா? "லீன், பெரிய ஜெட் போடு" என்பார்கள். அதற்கு முன் ஹெடர் என்ஜினில் சேரும் இடத்தைப் பாருங்கள். எக்ஸாஸ்ட்டைக் கழற்றிப் பூட்டும்போது பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருந்தால் அங்கே காற்று உள்ளே இழுக்கும். எரியாத பெட்ரோல் அந்தக் காற்றைக் கண்டதும் குழாய்க்குள்ளேயே வெடிக்கும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூட்டைச் சுற்றிச் சோப்பு நீர் தெளித்து ஸ்டார்ட் பண்ணுங்கள். நுரை பொங்கினால் புது கேஸ்கெட், அவ்வளவுதான்.

இன்னொன்று, பல பைக்குகளில் எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குச் சுத்தமான காற்றை அனுப்பும் ஓர் அமைப்பு இருக்கும். மிச்சமிருக்கும் பெட்ரோலை எரித்துப் புகையைக் குறைப்பது அதன் வேலை. சைலன்சர் திறந்ததாக இருந்தால் இதுவரை கேட்காத அந்தச் சின்னச் சின்ன வெடிப்புகள் இப்போது கேட்கும். அந்தக் காற்று அமைப்பை அடைத்துவிடச் சொல்வார்கள். அது புகைக் கட்டுப்பாட்டுப் பாகம். பரிசோதனையை நினைத்து அப்படியே விட்டுவிடுங்கள். கொஞ்சம் பட்பட் இருந்துவிட்டுப் போகட்டும்.

கார்பரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் பூட் வெடித்திருக்கிறதா என்று விரலால் மடக்கிப் பாருங்கள். நம் வெயிலில் பத்து ஆண்டு ஓடிய ரப்பர் கல்லாகியிருக்கும். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், வால்வ் இடைவெளி மூன்றும் சரியாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று கெட்டிருந்தாலும், நீங்கள் ஜெட்டை வைத்து வேறு எதையோ மறைத்துக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்து, திராட்டில் பிடியிலும் அதன் உறையிலும் வெள்ளை டேப் ஒட்டி, பூஜ்யம், கால், அரை, முக்கால், முழு என்று பேனாவால் கோடு போடுங்கள். இந்த வேலையில் இதைவிட உபயோகமான கருவி கிடையாது. பைக் எங்கே திணறுகிறது என்பதை ஆர்பிஎம்மை வைத்துச் சொல்லக் கூடாது, திராட்டில் திறப்பை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பைலட் ஜெட்டின் ஆட்சி பூஜ்யத்திலிருந்து கால்வரை. ஊசி காலிலிருந்து முக்கால்வரை. அதற்கு மேல் மெயின். எல்லைகள் ஒன்றோடொன்று கலந்துதான் இருக்கும், ஆனாலும் இந்தக் கணக்கு கைகொடுக்கும். சி.வி. கார்பரேட்டரில் ஸ்லைடு கையோடு நேராக எழாது, காற்றின் இழுப்போடு எழும். அதனால் அங்கே திராட்டிலை மெதுவாகத் திறந்து, ஒவ்வொரு கோட்டிலும் கொஞ்ச நேரம் நிலையாகப் பிடித்துப் பாருங்கள்.

லீனா ரிச்சா என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி: திணறும் இடத்தில் சோக்கை லேசாக இழுங்கள். பைக் தேறினால் லீன். இன்னும் மோசமானால் ரிச். என்ஜின் சூடாகச் சூடாகத் திணறல் கூடினால் ரிச்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சூடேறிய பிறகும் திராட்டிலை விட்டவுடன் ஆர்பிஎம் இறங்காமல் மேலேயே தொங்கினால் லீன், அல்லது எங்கோ காற்று கசிகிறது.

கார்பரேட்டரைத் திறத்தல்

இடம் முதலில். வீவக புளோக் கார்பார்க்கில் பெட்ரோல் வடித்துக்கொண்டு உட்காராதீர்கள். காக்கி புக்கிட், உபி பக்கம் தெரிந்த பட்டறை இருந்தால் ஓர் ஓரமாக இடம் கேளுங்கள். பல மெக்கானிக் அங்கிள்கள் ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தால் சம்மதித்துவிடுவார்கள், சில நேரம் பக்கத்தில் நின்று ஆலோசனையும் கிடைக்கும். வடித்த பெட்ரோலைக் கால்வாயில் ஊற்றாதீர்கள், பட்டறையிலேயே கொடுத்துவிடுங்கள்.

பெட்ரோல் குழாயை மூடி, ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து, வருவதை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். அடியில் குமிழ் குமிழாகத் தண்ணீர் உருண்டால் அதுவே உங்கள் பாதிப் பிரச்சினை.

ஜப்பானிய கார்பரேட்டர்களின் திருகுத் தலை பார்ப்பதற்குச் சாதாரண நட்சத்திரத் தலை மாதிரியே இருக்கும். ஆனால் அது ஜேஐஎஸ் தரம், குழியின் வடிவம் சற்று வேறு. வீட்டில் இருக்கும் பிலிப்ஸ் திருப்புளியை வைத்து முறுக்கினால் அது மேலே வழுக்கி வந்து தலையை மழித்துவிடும். ஒரு ஜேஐஎஸ் திருப்புளி வாங்குங்கள். தலையில் ஒரு சின்னப் புள்ளி இருந்தால் அது ஜேஐஎஸ் திருகு என்று அர்த்தம்.

ஜெட்டுகள் பித்தளை, மென்மையான உலோகம். பள்ளத்தை முழு அகலத்துக்கும் நிரப்பும் தட்டைத் திருப்புளி மட்டும் பயன்படுத்துங்கள். பூட்டும்போது விரலால் முறுக்கி, கடைசியில் ஒரு சின்ன இறுக்கம் போதும். அடைப்பு எடுக்கக் கம்பி, குத்தூசி எதுவும் வேண்டாம். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் எண் பொய்யாகிவிடும். கார்பரேட்டர் கிளீனரும் காற்றும் போதும். கழற்றிய ஒவ்வொரு ஜெட்டின் எண்ணையும் வெளிச்சத்தில் படித்து எழுதுங்கள். இரண்டாம் கை பைக் என்றால் முன்னவர் ஏற்கெனவே மாற்றியிருக்கலாம். கையேட்டில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

ஃப்ளோட் உயரத்தை இப்போதே கையேட்டின்படி சரிபார்த்துவிடுங்கள். கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் தப்பாக இருந்தால் எல்லா ஜெட்டும் தப்பாகவே பேசும்.

மெயின் ஜெட்: பத்திரமாக வைத்துவிட்டு நகருங்கள்

மெயினை முதலில் தொடுவதற்குக் காரணம் பாதுகாப்பு. முழுத் திறப்பில் லீனாக ஓடினால் என்ஜின் சூடேறி பிஸ்டனே உருகலாம், ரிச்சாக ஓடினால் புகையும் மந்தமும்தான். அதனால் முழு எக்ஸாஸ்ட் என்றால் ஒரு சைஸ் ஏற்றித் தொடங்குங்கள்.

சோதனை செய்வதுதான் இங்கே தலைவலி. 150, 200 சிசி பைக்கில் இரண்டாம், மூன்றாம் கியரில் முழுத் திராட்டில் போட்டாலும் விரைவுச்சாலை வரம்புக்குள் நிற்க வழி இருக்கிறது. சூப்பர் 4 மாதிரி நானூறில் இரண்டாம் கியரிலேயே வரம்பைத் தாண்டிவிடும். லிம் சூ காங் ரோடு நேராக இருக்கிறதே என்று ராத்திரியில் போய்ப் பறப்பது சோதனை ஆகாது, அபராதத்துக்கும் அதைவிடப் பெரிய கேட்டுக்கும் வழி. பெரிய பைக்குக்கு டைனோ (பைக்கை நிறுத்தியபடியே ஓட்டிச் சக்தியை அளக்கும் கருவி) உள்ள பட்டறையில் ஒரு மணி நேரம் எடுங்கள். மலேசியாவின் செப்பாங் பந்தயத்தடத்தில் டிராக் டே ஓட்டப் போகிறவர் என்றால் அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

முழுத் திறப்பில் இழுத்துக்கொண்டிருக்கும்போது திராட்டிலைக் கொஞ்சம், எட்டில் ஒரு பங்கு அளவுக்கு, மூடிப் பாருங்கள். மூடிய கணத்தில் பைக் ஒரு துள்ளல் துள்ளி முன்னேறினால் மெயின் சின்னது, லீன். முழுத் திறப்பில் எகிறாமல் மொத்தையாகத் திணறி, விட்டுவிட்டு எரிவது போல் சத்தம் வந்தால் பெரியது, ரிச். இரண்டும் இல்லாமல் சீராக இழுத்தால் விட்டுவிடுங்கள்.

பிளக் நிறம் பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஈயமில்லாத பெட்ரோலில் நிறம் மெதுவாகத்தான் ஏறும். ஒரு வாரம் ஓட்டிய பிளக்கைக் கழற்றினால் உங்களுக்குத் தெரிவது கடைசியாக சிக்னலில் நின்ற கரியின் நிறம். முறையாகப் பார்க்க வேண்டுமானால் புதுப் பிளக்கைப் போட்டு, முழுத் திறப்பில் ஓட்டி, அதே நிலையில் கிளட்சைப் பிடித்து கில் சுவிட்சைத் தட்டி, உடனே கழற்றி, பீங்கானின் அடிவேரைப் பார்க்க வேண்டும். இதைத் தீவு விரைவுச்சாலையில் செய்துவிடாதீர்கள், டைனோவிலோ டிராக்கிலோதான்.

காசு செலவழிக்க மனம் இருந்தால், ஹெடரில் ஒரு மரை வளையம் பற்றவைத்து வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சர் மாட்டுங்கள். காற்று-பெட்ரோல் விகிதம் எண்ணாகவே கண்முன் தெரியும். முழுத் திறப்பில் 12.5 முதல் 13.2 வரை, சீரான ஓட்டத்தில் 13.5 முதல் 14.5 வரை இருந்தால் நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் சந்தோஷமாக ஓடும்.

ஊசி: நாள் முழுக்க நீங்கள் ஓட்டுவது இதில்தான்

மெயினைவிட இங்கே அதிக நேரம் செலவிடுங்கள். சீராக 60, 70 கிலோமீட்டரில் போகும்போது முன்னும் பின்னும் ஆடுவது மாதிரி இழுக்கிறதா? பேருந்தைத் தாண்டக் கால் பங்கிலிருந்து அரைக்குத் திறந்தால் ஒரு கணம் ஒன்றுமில்லாமல் போய், அப்புறம் திடீரென்று பிடிக்கிறதா? ஊசி தாழ்ந்து நிற்கிறது, லீன். அதே இடத்தில் மழுமழுவென்று சோம்பலாக ஏறி, பெட்ரோல் செலவும் கூடினால் ஊசி உயர்ந்து நிற்கிறது.

ஊசியின் தலையில் வரிசையாகப் பள்ளங்கள் இருக்கும், ஒன்றில் கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பைக் கீழ்ப்பள்ளத்துக்கு இறக்கினால் ஊசி மேலே ஏறும், ரிச் ஆகும். மேல்பள்ளத்துக்கு ஏற்றினால் லீன். முதல்முறை செய்கிறவர்கள் இதைத் தலைகீழாக நினைப்பது வழக்கம். ஊசி எந்தப் பக்கம் நகர்கிறது என்று கையில் வைத்தே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தொழிற்சாலை சி.வி. கார்பரேட்டர்கள் பலவற்றில் பள்ளமே இருக்காது, ஒரே நிலைதான். அங்கே ஊசியின் காலருக்குக் கீழே மெல்லிய வாஷர் வைத்து உயர்த்த வேண்டும். சாதாரண எம்3 வாஷர் ஒன்றின் தடிமன் அரை மி.மீ. ஒன்றில் தொடங்குங்கள். ஸ்லிப்-ஆன் போட்ட பல பைக்குகளுக்கு இந்த ஒரு வாஷரே தீர்வு. நாலைந்து காசு செலவு, ஜெட் கிட்டுக்குக் கொடுக்கும் பணம் மிச்சம்.

சி.வி. மூடியைத் திறக்கும்போது டயஃப்ரத்தைக் கவனியுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து விரித்துப் பாருங்கள்; ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் ஸ்லைடு முழுதாக எழாது. கார்பரேட்டர் கிளீனரை அதில் அடிக்காதீர்கள், ரப்பர் ஊதிவிடும். திரும்பப் பூட்டும்போது கார்பரேட்டர் வாய்க்குள் விரலை விட்டு ஸ்லைடைச் சற்றே தூக்கிப் பிடித்து, ரப்பர் விளிம்பு பள்ளத்தில் சுற்றிலும் உட்கார்ந்த பிறகு மூடியை வையுங்கள். இல்லாவிட்டால் விளிம்பு எங்காவது கிள்ளிக் கிழியும். பூட்டியதும் ஸ்லைடை விரலால் மேலே தள்ளி விட்டுப் பாருங்கள், மெதுவாக, ஒரே சீராக இறங்க வேண்டும். டொக்கென்று விழுந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். வாஷரும் வைத்து, பைலட்டும் மாற்றி, திருகையும் திருப்பிவிட்டு ஓட்டினால், பைக் நன்றாகப் போனாலும் எதனால் நன்றாகப் போகிறது என்று தெரியாது.

பைலட்: ஐடிலும், சிக்னலில் கிளம்புவதும், பரிசோதனையும்

என்ஜினை நன்றாகச் சூடேற்றுங்கள். பதினைந்து நிமிடமாவது ஓட்டிவிட்டு வாருங்கள், நின்ற இடத்தில் உறும விடுவது போதாது.

முதலில் உங்கள் கார்பரேட்டரில் இருப்பது எந்தத் திருகு என்று தெரிந்துகொள்ளுங்கள். திருகு ஸ்லைடுக்கும் என்ஜினுக்கும் நடுவில் இருந்தால் அது பெட்ரோல் திருகு: வெளியே திருப்பினால் ரிச். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுத் திருகு: வெளியே திருப்பினால் லீன். இதை மாற்றிப் புரிந்துகொண்டால் எவ்வளவு திருப்பினாலும் பிரச்சினை கூடிக்கொண்டேதான் போகும். சில பைக்குகளில் திருகின் தலை ஆங்கில D எழுத்து வடிவத்தில் இருக்கும், அதற்கென்று தனிச் சாவி விற்கிறார்கள்.

திருகை உள்ளே மெல்லத் திருப்பி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதுங்கள். உட்கார்ந்த பிறகு இறுக்கக் கூடாது, ஊசிமுனை உடைந்தால் கார்பரேட்டரே போச்சு. முழுதாகக் கழற்றினால் ஸ்பிரிங், வாஷர், குட்டி ஓ-ரிங் மூன்றும் வர வேண்டும். அந்த ஓ-ரிங் பெரும்பாலும் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அது இல்லாமல் பூட்டிவிட்டு ஐடில் நிற்கவில்லை என்று தவிக்கிறவர்கள் நிறையப் பேர்.

ஐடிலை வழக்கத்தைவிட 200 ஆர்பிஎம் ஏற்றி வைத்துவிட்டு, திருகை எழுதிவைத்த நிலையிலிருந்து கால் சுற்று கால் சுற்றாகத் திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் சில நொடி பொறுங்கள். ஆர்பிஎம் எங்கே உச்சத்துக்குப் போகிறதோ அங்கே நிறுத்தி, ஐடில் திருகால் வழக்கமான அளவுக்கு இறக்குங்கள். பெட்ரோல் திருகில் மூன்று சுற்றுக்கு மேல் போனாலும் ஏறிக்கொண்டே இருக்கிறது என்றால் பைலட் ஜெட் சின்னது, அடுத்த சைஸ் போடுங்கள். ஒரு சுற்றுக்குள்ளேயே உச்சம் வந்துவிட்டால் ஜெட் பெரியது. காற்றுத் திருகுக்கு இந்தக் கணக்கு தலைகீழ்.

பரிசோதனையில் ஐடிலில் அளக்கும் கார்பன் மோனாக்சைடைத் தீர்மானிப்பதும் இதே திருகுதான். உச்ச நிலையிலிருந்து இன்னும் கொஞ்சம் ரிச்சாக வைத்தால் சிக்னலில் கிளம்பும்போது நயமாக இருக்கும், ஆனால் அளவு ஏறும். புகை அளக்கும் கருவி வைத்திருக்கும் பட்டறையில் ஒருமுறை குழாயை விட்டுப் பார்த்துவிட்டுப் பரிசோதனைக்குப் போங்கள்.

சூப்பர் 4 மாதிரி நான்கு கார்பரேட்டர் உள்ள பைக்கில் நான்கிலும் ஒரே ஜெட், ஒரே வாஷர், ஒரே சுற்று. முடித்த பிறகு வாக்குவம் கேஜ் மாட்டி நான்கையும் சமப்படுத்த வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் ஐடிலில் வரும் நடுக்கத்தை ஜெட்டின் தலையில் போட்டுவிடுவீர்கள். கேஜ் இல்லாவிட்டால் அந்த ஒரு வேலையை மட்டும் பட்டறையில் கொடுங்கள்.

ஆர்எக்ஸ்இசட் வைத்திருப்பவர்களுக்கு

இரண்டு ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் வெறும் புகைபோக்கி இல்லை, என்ஜினின் ஒரு பாகம். அந்தப் பெருத்த வயிற்றுக் குழாயின் வடிவம் மாறினால் சக்தி எழும் ஆர்பிஎம்மே மாறும். தப்பு செய்ய இடமும் குறைவு. நான்கு ஸ்ட்ரோக் லீனாக ஓடினால் முதலில் திணறிக் காட்டும். இரண்டு ஸ்ட்ரோக் லீனாக ஓடினால் பல நேரம் முன்னைவிட நன்றாகவே இழுக்கும், அப்புறம் திடீரென்று பிஸ்டன் பிடித்துப் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதனால் இங்கே முறை வேறு: மெயினை வேண்டுமென்றே பெரிதாக, ரிச்சாகத் திணறும் அளவுக்குப் போட்டு, அங்கிருந்து ஒவ்வொரு சைஸாக இறங்குங்கள். திணறல் நின்ற இடத்தில் நில்லுங்கள், இன்னொரு சைஸ் இறக்கிப் பார்க்கும் ஆசை வேண்டாம். நீண்ட தூரம் முழுத் திறப்பில் ஓடிவிட்டு திராட்டிலை முழுதாக மூடி என்ஜினால் பிரேக் பிடிக்கவும் வேண்டாம், எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்து குறைந்துவிடும். ஆயில் பம்ப் கேபிளின் அளவை இதே கையோடு கையேட்டின்படி சரிபாருங்கள்.

கடற்பாலம் தாண்டும்போது

ஜோகூர், டெசாரு, மலாக்கா எல்லாம் நம்மைப் போலவே தாழ்ந்த நிலம், எதையும் தொட வேண்டாம். கெந்திங், கேமரன் மலை ஏறும்போது கதை மாறும். கெந்திங் உச்சி சுமார் 1,800 மீட்டர்; அங்கே காற்றின் அடர்த்தி நம் ஊரைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. நீங்கள் இங்கே கச்சிதமாக வைத்த பைக் அங்கே ரிச்சாகி, கடைசி வளைவுகளில் மூச்சு வாங்கும், ஐடிலும் இறங்கும். வார இறுதிப் பயணத்துக்காக ஜெட் மாற்றத் தேவையில்லை. ஐடில் திருகை லேசாக ஏற்றி ஒரு கியர் குறைத்து ஏறுங்கள், இறங்கியதும் பழைய இடத்துக்குத் திருப்பி விடுங்கள். தப்பித்தவறி மலையிலேயே யாராவது ஜெட்டைச் சின்னதாக்கிக் கொடுத்தால், கீழே வந்து வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் முழுத் திறப்பில் ஓட்டும் முன் பழைய ஜெட்டைப் போட்டே ஆக வேண்டும். கீழே அது லீன்.

கழற்றிய அசல் ஜெட்டுகளையும் வாஷர்களையும் ஒரு சின்ன ஜிப் பையில் போட்டு, எண், ஊசி நிலை, திருகின் சுற்று மூன்றையும் காகிதத்தில் எழுதி உள்ளே வைத்து, சீட்டுக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். அசல் எக்ஸாஸ்ட்டைத் திரும்பப் பூட்டும் நாளில் இவையும் சேர்ந்தே திரும்ப வேண்டும்.